ரத்தம் திரும்பிய பிறகு தொடங்கும் சேதம்

1940-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கார்ல் விக்கர்ஸ் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் நாய்களை மயக்கத்தில் ஆழ்த்தி ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். நாயின் ரத்தத்தை வெளியே எடுத்து, சராசரி ரத்த அழுத்தத்தை முதலில் 50 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கும் அடுத்து 30-க்கும் இறக்குவார். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அந்த நிலையிலேயே வைத்திருப்பார். பிறகு எடுத்த ரத்தம் முழுவதையும் திருப்பி ஏற்றிவிடுவார். இழந்ததெல்லாம் கைக்கு வந்துவிட்டது, நாய் பிழைக்க வேண்டும். அழுத்தமும் உடனே ஏறும். ஆனால் சில மணி நேரத்தில் அது மறுபடி சரியத் தொடங்கும். பெரும்பாலான நாய்கள் இறந்துபோகும். வயிற்றைத் திறந்து பார்த்தால் குடலின் உட்சுவர் ரத்தம் கசிந்து அழுகியிருக்கும். ரத்த ஓட்டம் குலைந்து உடல் சரிந்துபோகும் நிலையை மருத்துவத்தில் ஷாக் என்பார்கள். இதற்கு 'மீளாத ஷாக்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தார்களே தவிர, ஏன் என்று சொல்ல முடியவில்லை.

அதற்கு முன்பே ஷாக்கைப் பற்றி ஒரு பெரிய சண்டை நடந்து முடிந்திருந்தது. முதல் உலகப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களைப் பார்த்த ஆய்வாளர்களில் பலர், நசுங்கிய தசையிலிருந்து ஏதோ ஒரு நஞ்சு கிளம்பி ரத்தத்தில் கலக்கிறது, அதனால்தான் அழுத்தம் விழுகிறது என்று நம்பினார்கள். 1930-களில் ஆல்ஃபிரட் பிளேலாக், விவியன் தாமஸின் கைவண்ணத்தோடு செய்த பரிசோதனைகளில், நஞ்சு ஒன்றும் தேவையில்லை, ரத்தமும் திரவமும் இழப்பதே போதும் என்று காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றுவரை நாம் பின்பற்றும் எளிய விதி: இழந்ததைத் திருப்பிக் கொடு. விதி சரியானதுதான். கோடிக்கணக்கானோரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் விக்கர்ஸின் நாய்களுக்கு இழந்தது திரும்பக் கிடைத்தும் அவை பிழைக்கவில்லை. பழைய நஞ்சுக் கட்சிக்காரர்களின் சொல்லிலும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அந்த நஞ்சு, திரும்பி வந்த ரத்தம் சுமந்து வந்த ஆக்சிஜனிலிருந்து உடலின் சொந்த நொதிகளே தயாரித்தது.

குடல் கொடுக்கும் விலை

மருத்துவர்கள் சொல்லும் ஷாக் என்பது, திசுக்களுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் அவற்றின் தேவைக்குக் கீழே இறங்கிவிட்ட நிலை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கும். முக்கால் லிட்டர் வரை போனால் வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் நாடி நிமிடத்துக்கு 120-க்கு மேல் ஓடும், அழுத்தம் விழும், ஆள் தடுமாறுவார். இரண்டு லிட்டரைத் தாண்டினால் உயிர் ஊசலாடும். ஓய்வாக இருக்கும் உடலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது. அதில் செலவாவது கால் லிட்டர்தான். இவ்வளவு தாராளமான கையிருப்பு இருப்பதால்தான் ஓரளவு இழப்பை உடல் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்கிறது.

கையிருப்பு தீரும்போது உடல் ஒரு கொடூரமான முடிவை எடுக்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போக வேண்டும் என்பதற்காகத் தோல், தசை, சிறுநீரகம், குடல் ஆகியவற்றுக்குப் போகும் குழாய்களை இறுக்கிவிடுகிறது. விபத்தில் அடிபட்டவரின் கை கால் சில்லிட்டிருப்பதும் சிறுநீர் வற்றுவதும் இதனால்தான். கையைத் தொட்டால் சில்லிப்பு தெரியும், குடல் பட்டினி கிடப்பது தெரியாது. அழுத்தம் மீண்டு, நாடி அடங்கி, 'ஆள் தேறிட்டார்' என்று வார்டில் பேச்சு வந்த பிறகும் குடலுக்கு ரத்தம் சரியாகப் போகாமலிருப்பது உண்டு.

பட்டினி கிடக்கும் செல்லுக்குள் என்ன நடக்கிறது? செல்லின் செலவுப் பணமான ஏ.டி.பி. படிப்படியாக உடைந்து, கடைசியில் ஹைப்போசாந்தீன் என்ற பொருளாகக் குவிகிறது. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. செல்லுக்குள் கால்சியம் புகுந்து, புரதத்தை வெட்டும் நொதிகளைத் தட்டி எழுப்புகிறது. அவை சாந்தீன் டிஹைட்ரஜனேஸ் என்ற சாதுவான நொதியை வெட்டி, சாந்தீன் ஆக்ஸிடேஸ் என்ற வேறு குணமுள்ள நொதியாக மாற்றுகின்றன. பழைய வடிவம் ஹைப்போசாந்தீனை உடைக்கும்போது கிடைக்கும் எலக்ட்ரான்களை ஒழுங்காக ஒரு துணைப்பொருளிடம் ஒப்படைக்கும். புதிய வடிவமோ அவற்றை நேராக ஆக்சிஜன் மூலக்கூறின் தலையில் கட்டிவிடும். அப்படி ஒற்றை எலக்ட்ரான் ஏறிய ஆக்சிஜன்தான் சூப்பர் ஆக்ஸைடு, முன்பு சொன்ன நஞ்சு.

ஆனால் அதைச் செய்ய ஆக்சிஜன் வேண்டுமே, அதுதானே இல்லை. ஆகவே எல்லாம் தயாராக, காத்துக்கொண்டு நிற்கிறது. ராத்திரி முழுக்க சிலிண்டர் கசிந்து கேஸ் நிறைந்திருக்கும் சமையலறையில் ஒன்றும் நடப்பதில்லை. காலையில் யாரோ வந்து விளக்கு சுவிட்சைத் தட்டும்போதுதான் வெடிக்கிறது. குடலுக்கு ரத்தம் திரும்பும் கணம் அந்த சுவிட்ச்.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. 1981-ல் நீல் கிரேஞ்சரும் ஜோ மெக்கார்டும் பூனையின் குடலில் ரத்த ஓட்டத்தைக் குறைத்துப் பின் மீட்டெடுத்தபோது நுண்குழாய்கள் கசிவதைப் பார்த்தார்கள். சூப்பர் ஆக்ஸைடை அழிக்கும் நொதியை முன்கூட்டியே கொடுத்தால் அந்தக் கசிவு வெகுவாகக் குறைந்தது. 1988-ல் எட்வின் டெய்ச்சின் குழு எலிகளில் ரத்தப்போக்கு ஷாக்கை உண்டாக்கியது. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சுவரைத் தாண்டி நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்விட்டன. யூரிக் அமிலத்துக்காக இன்று மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அலோபியூரினால், சாந்தீன் ஆக்ஸிடேஸைத் தடுக்கும் மருந்து. அதைக் கொடுத்த எலிகளில் பாக்டீரியாக்கள் தாண்டுவது குறைந்தது. மருந்தின் வேறு ஏதாவது குணம்தான் காப்பாற்றியதோ என்ற சந்தேகம் வருமல்லவா? அதற்கும் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இந்த நொதிக்கு மாலிப்டினம் தேவை. எலிகளின் தீவனத்தில் டங்ஸ்டனைச் சேர்த்தால் அது மாலிப்டினத்தின் இடத்தைப் பிடித்து நொதியை முடக்கிவிடும். டங்ஸ்டன் தின்ற எலிகளிலும் அதே பலன். இவ்வளவு நேர்த்தியாக ஒரு சந்தேகத்தை அடைத்த சோதனைகள் இந்தத் துறையில் அதிகமில்லை.

அப்போதிருந்து சாந்தீன் ஆக்ஸிடேஸ்தான் வில்லன் என்று முப்பது வருடம் பாடப்புத்தகங்கள் எழுதின. மனிதனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. மனிதக் குடலிலும் கல்லீரலிலும் அந்த நொதி நிறைய உண்டு, மனித இதயத்தில் மிகவும் குறைவு. 2014-ல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் மர்ஃபியின் குழு இன்னொரு ஊற்றைக் காட்டியது. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில், செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சக்சினேட் என்ற இடைப்பொருள் குவிகிறது. ரத்தம் திரும்பியதும் சில நிமிடங்களில் அது அவசரமாக எரிக்கப்படுகிறது. அங்கே எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதச் சங்கிலி ஒன்று உண்டு. அந்த வேகத்தில் எலக்ட்ரான்கள் சங்கிலியில் பின்னோக்கித் தள்ளப்பட்டு, அதன் முதல் புரதக் கூட்டமைப்பிலிருந்து சூப்பர் ஆக்ஸைடு பீறிடுகிறது. எலியின் இதயம், மூளை, சிறுநீரகம், கல்லீரல் என்று பார்த்த உறுப்பிலெல்லாம் சக்சினேட் குவிந்திருந்தது.

மூன்றாவது ஊற்று நகர்ந்து செல்லக்கூடியது: நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள். கிருமியைக் கொல்வதற்காக இவற்றின் சவ்வில் சூப்பர் ஆக்ஸைடு தயாரிக்கும் ஒரு நொதி உண்டு. மைலோபெராக்ஸிடேஸ் என்ற இன்னொரு நொதி, ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்கிறது. குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும்போது கிருமியைக் கொல்லும் அதே அமிலம். ஷாக்கில் அடிபட்ட குடலிலிருந்து வரும் நிணநீர் இந்த அணுக்களை உசுப்பிவிடுகிறது. நிணநீர்க் குழாய் போய்ச் சேரும் முதல் பெரிய வடிகட்டி நுரையீரல். எலிகளில் அந்தக் குழாயைக் கட்டிவிட்டால் நுரையீரல் தப்பிக்கிறது என்று டெய்ச்சின் குழு பின்னாளில் காட்டியது. வியட்நாம் போரில் காலிலோ வயிற்றிலோ காயம்பட்டு, ரத்தமும் சலைனும் ஏற்றப்பட்டுத் தேறிய சிப்பாய்களில் சிலர் இரண்டொரு நாளில் மூச்சுத்திணறி இறந்தார்கள். ராணுவ மருத்துவர்கள் அதை, வியட்நாமின் டா நாங் நகரத்தின் பெயரால், 'டா நாங் நுரையீரல்' என்றார்கள். அடிபட்டது ஓரிடம், செத்தது வேறிடம். அதற்கு இந்த வழி ஒரு நம்பத்தக்க விளக்கம்.

காவல் நொதிகளின் சங்கிலி

1938-ல் மாட்டு ரத்தத்திலிருந்து நீலப்பச்சை நிறத்தில் ஒரு தாமிரப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது எதற்காக இருக்கிறது என்று முப்பது வருடம் யாருக்கும் தெரியவில்லை. தாமிரத்தைச் சேமித்து வைக்கும் புட்டி என்றே நினைத்தார்கள். 1969-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த அதே ஜோ மெக்கார்டும் அவருடைய ஆசிரியர் இர்வின் ஃப்ரிடோவிச்சும் அதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு சூப்பர் ஆக்ஸைடுகளை மோதவிட்டு, ஒன்றை ஆக்சிஜனாகவும் மற்றதை ஹைட்ரஜன் பெராக்ஸைடாகவும் ஆக்குவது. சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், சுருக்கமாக எஸ்.ஓ.டி. உயிருள்ள உடலுக்குள் சூப்பர் ஆக்ஸைடு உண்டாகிறது என்பதற்கே அதுதான் வலுவான சாட்சியானது. அழிக்க ஒரு நொதி இருக்கிறதென்றால் அழிக்க வேண்டிய பொருளும் இருந்தாக வேண்டும்.

எஸ்.ஓ.டி. பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, அடுத்த மேசைக்குத் தள்ளுகிறது. அது விட்டுச்செல்லும் ஹைட்ரஜன் பெராக்ஸைடை கேட்டலேஸும் குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸும் தண்ணீராக்க வேண்டும். கேட்டலேஸ் அசுர வேகக்காரன், ஒரு மூலக்கூறு விநாடிக்குப் பல லட்சம் பெராக்ஸைடுகளை உடைக்கும். ஆனால் பெரும்பாலான திசுக்களின் மைட்டோகாண்ட்ரியாவில் அது கிடையாது. அங்கே வேலை பார்ப்பது செலினியத்தை நம்பியிருக்கும் குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ் போன்றவை. அதற்குக் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு வேண்டும். செலவான குளுட்டாதயோனைப் புதுப்பிக்க, எலக்ட்ரான் கொடுக்கும் துணைப்பொருளான என்.ஏ.டி.பி.எச். வேண்டும். அதைத் தயாரிக்க ஜி-6-பி-டி என்ற நொதி வேண்டும். இந்த வரிசையில் ஒருவர் மட்டும் சுறுசுறுப்பாகி மற்றவர் தூங்கினால், நடுவில் பெராக்ஸைடு தேங்கும்.

தேங்கிய பெராக்ஸைடின் பக்கத்தில் கட்டில்லாத, அதாவது புரதத்தோடு பிணையாத, இரும்பு இருந்தால் கதை மோசமாகிவிடும். 1894-ல் ஃபென்டன் விவரித்த வினை அது. இரும்பும் பெராக்ஸைடும் சேர்ந்து ஹைட்ராக்ஸில் என்ற, எதிரில் கண்டதையெல்லாம் கடிக்கும் துகளைப் பிறப்பிக்கின்றன. அதை அழிக்க உடலில் நொதி எதுவும் இல்லை. விபத்துக் காயத்தில் இரும்புக்குப் பஞ்சமா? நசுங்கிய தசையின் இரும்புப் புரதமான மயோகுளோபின், உடைந்த சிவப்பணுக்கள், பல வாரம் குளிரில் இருந்த ரத்தப் பையிலிருந்து கசியும் ஹீமோகுளோபின் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. கத்திக்குத்தில் ரத்தம் மட்டும் போனவரையும் லாரியில் சிக்கி எலும்பும் தசையும் நொறுங்கி அதே அளவு ரத்தம் போனவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆய்வுக்கூட எலிக்குப் பெரும்பாலும் குழாய் வழியே சுத்தமாக ரத்தம் எடுக்கப்படுகிறது. சாலையில் யாரும் அப்படி அடிபடுவதில்லை.

உடலின் பதில் ஒரே மூச்சில் வருவதல்ல. முதல் நிமிடங்களிலும் முதல் ஓரிரு மணியிலும் ஏற்கெனவே கையில் இருக்கும் நொதிகள்தான் களத்தில் நிற்கின்றன. அவை செலவாகின்றன, சில பழுதடைகின்றன. சூப்பர் ஆக்ஸைடும் நைட்ரிக் ஆக்ஸைடும் சேர்ந்து உண்டாகும் பெராக்ஸிநைட்ரைட், மைட்டோகாண்ட்ரியாவின் மாங்கனீஸ் எஸ்.ஓ.டி.யை அதன் டைரோசின் என்ற ஒரு அமினோ அமிலத்தில் தாக்கி முடக்கிவிடும். அதாவது காவல்காரனையே முதலில் வீழ்த்துகிறது. அடுத்த சில மணி நேரங்களில்தான் புதிய உற்பத்தி தொடங்குகிறது. டி.என்.எஃப். என்ற அழற்சித் தூது மாங்கனீஸ் எஸ்.ஓ.டி.யின் மரபணுவை முடுக்கிவிடுகிறது. சாதாரண நேரத்தில் கீப்1 என்ற புரதத்தின் பிடியில் கிடக்கும் என்.ஆர்.எஃப்.2, ஆக்சிஜனேற்றத் தாக்குதல் வந்ததும் பிடி தளர்ந்து உட்கருவுக்குள் போய்ப் பல காவல் மரபணுக்களை ஒன்றாக எழுப்புகிறது. அவற்றில் ஹீம் ஆக்சிஜனேஸ்-1 எனக்கு மிகவும் சுவாரசியமானது. ஹீமோகுளோபினின் இரும்பு ஏந்திய பகுதியான ஹீம் சிதறிக் கிடந்தால் அதை உடைத்து, எதிர் ஆக்சிஜனேற்றியான பிலிவெர்டினையும், விஷம் என்று நாம் பயப்படும் கார்பன் மோனாக்ஸைடைத் துளியளவிலும் அது தருகிறது. 1998-ல் எலிகளில் செய்த ஒரு ஆய்வு, ரத்தப்போக்கு ஷாக்குக்குப் பிறகு கல்லீரலின் நுண்குழாய்களைத் திறந்து வைத்திருப்பது அந்தத் துளி கார்பன் மோனாக்ஸைடுதான் என்று காட்டியது. இந்த நொதியைத் தடுத்துவிட்டால் கல்லீரல் மோசமாகிறது.

ரத்தப் பரிசோதனை எண்களை நம்பலாமா

ஷாக்குக்குப் பின் நொதிகள் எப்படி மாறுகின்றன என்று தேடினால் ஆய்வுக் கட்டுரைகள் குவியும். எஸ்.ஓ.டி. உயர்ந்தது, ஆகவே உடல் போராடுகிறது என்று ஒன்று சொல்லும். எஸ்.ஓ.டி. குறைந்தது, ஆகவே காவல் தீர்ந்துவிட்டது என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் ஒரே தன்னம்பிக்கையோடு. எண் எந்தப் பக்கம் போனாலும் பொருந்துகிற விளக்கத்தை நான் விளக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. அளந்தது எதை, எங்கே, எப்போது என்று கேட்காமல் இந்த எண்களைப் படிக்கவே கூடாது.

சிவப்பணுவை எடுத்துக்கொள்வோம். மனித சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் புதிய நொதியைத் தயாரிக்க முடியாது. அடிபட்ட மறுநாள் சிவப்பணுவில் எஸ்.ஓ.டி. கூடியிருந்தால், அந்த அணு விழித்தெழுந்து சண்டை போடுகிறது என்று பொருளாகாது. எலும்பு மஜ்ஜை இளம் அணுக்களை அவசரமாக அனுப்பியிருக்கலாம், வயதான அணுக்கள் உடைந்து தொலைந்திருக்கலாம். அதைவிட எளிய காரணமும் உண்டு: நோயாளிக்குப் பத்துப் பை ரத்தம் ஏறியிருக்கிறது. அப்போது ஆய்வுக்கூடம் அளப்பது பெருமளவுக்கு யாரோ கொடையாளிகளின் நொதியை. நோயாளியின் ஆக்சிஜனேற்ற நிலை என்று அட்டவணையில் வருவது, போன மாதம் கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்த ஒரு பையனின் எஸ்.ஓ.டி.யாக இருக்கலாம்.

பிளாஸ்மாவும் அப்படித்தான். இரண்டு லிட்டர் சலைன் ஏறினால் எல்லாமே நீர்த்துப்போகும். அதைக் கணக்கில் எடுக்காமல் நொதி குறைந்தது என்று எழுதினால் அது சலைனின் அளவைத்தான் சொல்கிறது. பிளாஸ்மாவில் இருக்கும் குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ் பெரும்பாலும் சிறுநீரகத்தில் தயாராவது. அது குறைந்தால் சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது ஊசியில் சில சிவப்பணுக்கள் உடைந்தாலே பிளாஸ்மா எஸ்.ஓ.டி. எகிறிவிடும். வழக்கமாகச் செல்லுக்குள் இருக்கும் எல்.டி.எச்., ஏ.எஸ்.டி., சி.கே. போன்ற நொதிகள் ரத்தத்தில் உயர்வது செல் உடைந்து உள்ளிருப்பது கசிந்ததைக் காட்டுகிறது. அதை நொதிகளின் 'பதில்வினை' என்று சேர்த்து எழுதுவது, இடிந்த வீட்டிலிருந்து சாமான் வெளியே கிடப்பதைக் குடிபெயர்வு என்று சொல்வதற்குச் சமம்.

சேதத்தை அளக்கும் பிரபலமான சோதனை மேலோண்டையால்டிஹைடு, அதாவது கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து உடைந்த துண்டு. மலிவானது, எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்யலாம். ஆனால் அதற்குப் பயன்படுத்தும் தயோபார்பிட்டூரிக் அமிலம் சர்க்கரையோடும் பிலிருபினோடும் கூட நிறம் காட்டும். 1990-ல் மொரோவும் ராபர்ட்ஸும் கண்டறிந்த எஃப்2-ஐசோபுரோஸ்டேன்கள் எவ்வளவோ நம்பகமானவை. செலவும் கருவியும் தேவைப்படுவதால் மருத்துவமனை ஆய்வுகளில் மலிவானதே இன்னும் ஆட்சி செய்கிறது.

நொதிகளின் முக்கியத்துவத்தையே இதனால் மறுத்துவிட வேண்டியதில்லை. இயற்கையே நடத்திய ஒரு சோதனை இருக்கிறது. ஜி-6-பி-டி குறைபாடு பிறவியிலேயே வருவது. மலேரியா பரவிய நிலப்பகுதிகளின் மக்களிடம் அதிகம், இந்தியாவிலும் சில சமூகங்களில் கணிசமாக உண்டு. அமெரிக்காவின் நியூவார்க்கில் ஸ்பொலாரிச்சும் டெய்ச்சும் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு, கடுமையாகக் காயமடைந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் இந்தக் குறைபாடு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டது. குறைபாடு உள்ளவர்களுக்குச் செப்சிஸ், அதாவது தொற்றால் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை, கூடுதலாக வந்தது. அன்றாட வாழ்க்கையில் பெரும்பாலும் வெளியே தெரியாத ஒரு குறை, பெரிய காயத்தில் வெளிப்படுகிறது. இங்கேயும் ஒரு முடிச்சு உண்டு. என்.ஏ.டி.பி.எச். குளுட்டாதயோனைப் புதுப்பிக்கவும் தேவை, நியூட்ரோஃபில் சூப்பர் ஆக்ஸைடு தயாரித்துக் கிருமியைக் கொல்லவும் தேவை. அது குறைந்தால் தற்காப்பும் போகிறது, தாக்குதலும் போகிறது.

மருந்துகள் ஏன் தோற்றன

இவ்வளவு தெரிந்த பிறகு எஸ்.ஓ.டி.யையே ஊசியாகப் போட்டுவிடலாமே? போட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தில் நீண்ட நேரம் தங்குவதற்காகப் பாலிஎத்திலீன் கிளைக்காலோடு பிணைத்த எஸ்.ஓ.டி., கடுமையான தலைக்காயத்துக்கு 1990-களில் சோதிக்கப்பட்டது. சிறிய முதற்கட்ட ஆய்வு நம்பிக்கை தந்தது. 1996-ல் வெளிவந்த 463 நோயாளிகளின் பெரிய ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அது தலைக்காயம்தான், ரத்தப்போக்கு ஷாக் அல்ல. என்றாலும் இந்தக் கருத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய நேரடித் தேர்வு அது.

விட்டமின்களின் வரலாறு இன்னும் குழப்பமானது. 2002-ல் சியாட்டிலில் 595 அறுவை சிகிச்சைத் தீவிரப் பிரிவு நோயாளிகளில், பெரும்பாலும் விபத்தில் அடிபட்டவர்களில், விட்டமின் சி-யும் ஈ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். பல உறுப்புச் செயலிழப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. பலர் துள்ளிக் குதித்தார்கள். 2013-ல் 1,223 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த ரெடாக்ஸ் ஆய்வில் செலினியம், துத்தநாகம், பீட்டா கரோட்டின், விட்டமின் சி, ஈ எல்லாம் சேர்த்துக் கொடுத்தும் எந்தப் பலனும் இல்லை. கூடவே கொடுத்துப் பார்த்த குளுட்டமின் என்ற அமினோ அமிலம் இறப்பைக் கூட்டியது. 2022-ல் செப்சிஸ் நோயாளிகளுக்குச் சிரை வழியே அதிக அளவு விட்டமின் சி கொடுத்த லோவிட் ஆய்வில், இறப்பு அல்லது நீடித்த உறுப்புச் செயலிழப்பு 44.5 சதவீதம், கொடுக்காதவர்களில் 38.5 சதவீதம். உதவவில்லை என்பதோடு நிற்கவில்லை, கெடுதலே செய்தது.

எலிக்குப் பலித்தது ஏன் மனிதனுக்குப் பலிக்கவில்லை? எலிக்கு மருந்து ரத்தம் எடுக்கும் முன்போ, திருப்பி ஏற்றும் அதே கணத்திலோ கிடைக்கிறது. மனிதனுக்கு ஆம்புலன்ஸில் சலைன் ஏறத் தொடங்கிய நிமிடமே அந்த வெடிப்பு நடந்து முடிந்துவிடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மறுநாள் காலை கொடுக்கும் மாத்திரை எதைத் தடுக்கும்? அடுத்தது இடம். ஊசியில் போடும் எஸ்.ஓ.டி. பெரிய புரதம், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையாது. ஆபத்தின் ஒரு முக்கிய ஊற்று இருப்பதோ அங்கே. விட்டமின் சி-க்கு இன்னொரு முகமும் உண்டு. கட்டில்லாத இரும்பு பக்கத்தில் இருந்தால் அது அந்த இரும்பை மறுபடி மறுபடி ஃபென்டன் வினைக்குத் தயார் செய்து கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேல், ஹைட்ரஜன் பெராக்ஸைடு எதிரி மட்டுமல்ல. என்.ஆர்.எஃப்.2-ஐ எழுப்பும் சமிக்ஞையும் அதுவே, நியூட்ரோஃபிலின் ஆயுதமும் அதுவே. மொத்தமாகத் துடைத்தெடுத்தால் உடல் தன் பதிலைத் தயாரிக்க வேண்டிய செய்தியும் சேர்ந்து போய்விடும்.

நேரம், திரவம், ரத்தம்

பலன் கிடைத்த இடங்கள் நொதியைத் தொடாமல், பட்டினி நேரத்தைச் சுருக்கிய இடங்கள். ரத்தக்கட்டு கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை 1962-ல் ஜப்பானில் உத்தாகோ, ஷோசுகே ஒகாமோட்டோ தம்பதியினர் கண்டறிந்தார்கள். 2010-ல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வில், இந்தியா உட்பட 40 நாடுகளின் 20,211 நோயாளிகளில், அது இறப்பை 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைத்தது. முதல் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் மட்டுமே பலன். அதைத் தாண்டிக் கொடுத்தால் ரத்தப்போக்கால் இறப்பது கூடியது. விலை குறைந்த, எங்கும் கிடைக்கும் ஒரு மருந்து. அதன் எதிரி கடிகாரம்தான்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழி செய்தது. மேலே சொன்ன மைட்டோகாண்ட்ரியா வெடிப்பிலிருந்து நியூட்ரோஃபில் படையெடுப்பு வரை பெரும்பாலும் இந்த 48 மணிக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் பகுதி அதன் முதல் ஒரு மணி. அது 108 வண்டி எவ்வளவு சீக்கிரம் வருகிறது, காயத்தை யார் அழுத்திப் பிடித்தார்கள், அருகில் இருந்த மருத்துவமனையில் அறுவை அரங்கு தயாரா என்பதைப் பொறுத்தது.

எந்தத் திரவத்தை ஏற்றுகிறோம் என்பதற்கும் இந்த வேதியியலில் பங்குண்டு. ரிங்கர் லாக்டேட்டில் முன்பு இடது, வலது என இரு வடிவ லாக்டேட்டும் சரிபாதி கலந்திருந்தன. உடல் இயல்பாகக் கையாள்வது ஒன்றை மட்டுமே. 1990-களின் இறுதியில் பன்றிகளிலும் மனித ரத்தத்திலும் பீட்டர் ரீ குழுவினர் செய்த ஆய்வுகள், அந்தத் திரவம் நியூட்ரோஃபில்களின் சூப்பர் ஆக்ஸைடு உற்பத்தியைத் தூண்டுவதைக் காட்டின. 1999-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பின் அறிக்கை மற்ற வடிவத்தை நீக்கப் பரிந்துரைத்தது. இழப்பைத் தீர்க்கும் மருந்தென்று நினைத்ததே அழற்சியைத் தூண்டியிருக்கிறது.

அளவும் அப்படித்தான். ரத்தக்கசிவை நிறுத்தும் முன் அழுத்தத்தை ஏற்றுவது ஆபத்து என்று வால்டர் கேனன் 1918-லேயே எச்சரித்திருந்தார். 1994-ல் ஹூஸ்டனில் உடற்பகுதியில் குண்டு அல்லது கத்திக் காயம்பட்ட 598 பேரில், அறுவை அரங்கு வரும்வரை திரவத்தை நிறுத்தி வைத்தவர்களில் 70 சதவீதம் பிழைத்தார்கள், உடனே ஏற்றியவர்களில் 62 சதவீதம். இதை எல்லாக் காயத்துக்கும் நீட்ட முடியாது, தலைக்காயத்துக்கு நிச்சயமாக இல்லை.

இன்றைய போக்கு சலைனைக் குறைத்து ரத்தத்தையும் பிளாஸ்மாவையும் சீக்கிரம் கொடுப்பது. ரத்தக்குழாயின் உட்புறத்தில் சர்க்கரைப் புரதங்களால் ஆன ஒரு மெல்லிய பூச்சு உண்டு. ஷாக்கில் அது உரிந்து, அதன் துண்டான சிண்டெகன்-1 ரத்தத்தில் மிதக்கும். எலிகளில் பிளாஸ்மா அந்தப் பூச்சை ஓரளவு மீட்டது, சலைன் மீட்கவில்லை. 2018-ல் ஹெலிகாப்டரிலேயே பிளாஸ்மா கொடுத்த பாம்பர் ஆய்வில், 501 நோயாளிகளில் 30 நாள் இறப்பு 33 சதவீதத்திலிருந்து 23.2 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு டென்வரில் தரைவழி ஆம்புலன்ஸில் செய்த ஆய்வில் பலன் தெரியவில்லை. அங்கே மருத்துவமனை மிக அருகில் இருந்தது.

பழைய ரத்தப் பையின் இரும்பும் சிதைந்த ஹீமோகுளோபினும் கெடுதல் என்று மேலே எழுதினேன். வேதியியல்படி அது உண்மை. ஆனால் 2015-ல் 2,430 தீவிர சிகிச்சை நோயாளிகளில் புதிய ரத்தத்தையும் வழக்கமான ரத்தத்தையும் ஒப்பிட்ட ஏபிள் ஆய்வில் இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆக்சிஜனையும் அப்படியே சொல்லலாம். அடிபட்டவருக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தால் சேதம் கூடும் என்று இந்தக் கோட்பாடு எதிர்பார்க்கும். 2024-ல் வெளிவந்த டிரமாக்ஸ்2 ஆய்வில் முதல் எட்டு மணி நேரம் அளவாகக் கொடுத்தவர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தவர்களுக்கும் இறப்பிலும் பெரிய நுரையீரல் சிக்கலிலும் வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரு பலூனில் வந்து நிற்கின்றன. தொடையின் தமனி வழியே பலூனைச் செலுத்தி மகாதமனிக்குள் ஊதினால், கீழே வயிற்றிலோ இடுப்பிலோ பீறிடும் ரத்தம் நின்று, மூளைக்கும் இதயத்துக்கும் போகும். ரெபோவா என்கிறார்கள். பலூன் ஊதியிருக்கும் வரை கீழ்ப்பாதிக்கு ரத்தமே இல்லை. அதை இறக்கும்போது குடலும் கால்களும் ஒரே நேரத்தில் ஆக்சிஜனைப் பார்க்கின்றன. பிரிட்டனில் 90 நோயாளிகளில் நடந்து, பாதியிலேயே நிறுத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வில், பலூன் போட்டவர்களில் 54 சதவீதமும் போடாதவர்களில் 42 சதவீதமும் 90 நாளுக்குள் இறந்தார்கள். ரத்தம் திரும்பிய சேதம் அதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பலூன் போடும் குழுவில் ரத்தக்கசிவை முழுமையாக நிறுத்துவதற்கே கூடுதல் நேரம் பிடித்தது. பன்றிகளில் நடக்கும் அடுத்த கட்ட ஆய்வுகள் பலூனை முழுதாக ஊதாமல், கொஞ்சம் ரத்தம் கீழே வழிந்துகொண்டிருக்கும்படி பாதியளவில் வைத்துப் பார்க்கின்றன.